லகாட்டுக்குப் போன ஜாக்கி

சேசு மரி சூசை துணை

லகாட், 12 பிப்ரவரி 1922

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் லூயிஸ் அவர்களுக்கு ஆம்புரோஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை கெர்ட்ரூட்டும் பிள்ளைகள் இருவரும் தேவமாதா புண்ணியத்தில் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை.

சுகம் என்று எழுதிவிட்டேன். ஆனால் இரண்டு மாதமாக உங்களிடம் ஒரு செய்தியை மறைத்து வைத்திருக்கிறேன். ரப்பர் விலை விழுந்ததில் சிம்பாங் பூலாய்த் தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். பதினோரு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த எனக்கும் அதே கதிதான். லகாட்டில் ஒரு தகரக் கூரை வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம்.

துரையும் சீமைக்குக் கப்பல் ஏறினார். போகுமுன் சாமான்களை ஏலம் விட்டார். அவருடைய மோட்டார் கார் ஒன்றரை வருஷமாக ஓடாமல் கொட்டகையில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். மாடு கட்டித்தான் இழுத்து வந்தோம். கெர்ட்ரூட் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஓடவைத்துவிட்டால் லகாட்டுக்கும் ஈப்போவுக்கும் ஆள் ஏற்றலாம். இனி ஒருவர் வந்து எனக்குச் சீட்டுக் கிழிக்க முடியாது.

எனக்கு மோட்டார் தெரியாது, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். இந்த வண்டிக்கென்று அச்சிட்ட கைப்புத்தகம் இருந்தால் படித்துப் படித்தே பழுது பார்த்துவிடுவேன். துரையின் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் உங்களைவிட்டால் எனக்கு வேறு யார்? அந்தப் புத்தகம் ஒன்று தேடி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள ஆம்புரோஸ்


சிங்கப்பூர், 1 மார்ச் 1922

அன்புள்ள மாப்பிள்ளைக்கு லூயிஸ் எழுதுவது. கடிதம் கிடைத்தது. இங்கே சர்வேசுரன் தயவில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் அக்காவுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

வேலை போனதற்கு வருந்தாதீர்கள். மோட்டார்தான் இனி எல்லாம். எங்கள் ஸ்டோரில் ஓர் ஆணிகூட என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆகையால் புத்தகம், சாமான் எது வேண்டுமானாலும் கூசாமல் கேளுங்கள். இத்துடன் கைப்புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கெர்ட்ரூட் முகத்தை மட்டும் வாடவிடாதீர்கள்.

உங்கள் நலம் நாடும்,
லூயிஸ்


லகாட், 26 மார்ச் 1922

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, இங்கே அனைவரும் சுகம். அக்காவின் இருமலுக்குத் தூதுவளை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறாள் கெர்ட்ரூட்.

புத்தகம் வந்தது. பெரிய உபகாரம். ஆனால் அது வேறு வண்டியின் புத்தகம். அதில் உள்ள கார் பொத்தானை அமுக்கினால் கிளம்புகிறது. என்னுடையதை முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் அடித்தட்டில் அதற்குப் பதினான்கு போல்ட்டு, இதற்குப் பத்து. படத்தைப் பார்த்துக் கழற்றப் போய் ஒரு நாள் முழுக்க வீணானது. எஞ்சின்மேல் கொத்தியிருக்கும் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு ஒத்த புத்தகம்தான் வேண்டும்.

கருவிகளும் அப்படியே. ஈப்போ கடைத்தெருவில் வாங்கிய ஸ்பானர் இந்த வண்டியின் மரைகளைப் பிடிக்காமல் வழுக்கி முனையைத் தின்கிறது. அங்குல அளவு ஸ்பானர்கள், பேரிங் சுரண்டும் உளி, வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி, இவை இருந்தால் போதும்.

எனக்குத் துணைக்கு ஒருவர் இருக்கிறார். பெயர் சின்னையா. தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர். என்னோடு சேர்த்து அவரையும் நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தை நான் வாசித்துச் சொன்னால் கை வைப்பது அவர். "கிராணி ஐயா, நீங்க படிங்க, நான் திருகுறேன். ரெண்டு பேரு சேர்ந்தா ஒரு மெக்கானிக்குலா" என்கிறார். வண்டி ஓடினால் பாதி அவருக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி காளியம்மா தினமும் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நகருமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆம்புரோஸ்


சிங்கப்பூர், 30 ஏப்ரல் 1922

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, பாஸ்குத் திருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் அக்கா தேறிவருகிறாள். தூதுவளை கேட்கிறது.

நீங்கள் கேட்ட புத்தகம் ஸ்டோரில் ஒரே பிரதிதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க முடியாது. ஆகையால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கையால் எழுதினேன். எழுபத்திரண்டு பக்கம். படங்களை மெல்லிய தாளை வைத்து வரைந்திருக்கிறேன். பாதி வார்த்தைக்கு எனக்குப் பொருள் தெரியாது. எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்கியிருக்கிறேன்.

பெட்டியில் ஸ்பானர் ஒன்பது, சுரண்டும் உளி இரண்டு, ஜாக்கி ஒன்று. ஜாக்கி கொஞ்சம் பழகியது. துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறேன். நன்றாக வேலை செய்யும். எதற்கும் விலை பேச வேண்டாம், என் தங்கை வீட்டுக்குச் செய்வது.

அன்புடன்,
லூயிஸ்


லகாட், 21 மே 1922

அன்பே உருவான மச்சானுக்கு, எல்லோரும் சுகம். உங்கள் எழுபத்திரண்டு பக்கத்தையும் மஞ்சள் துணியில் சுற்றி, கெர்ட்ரூட் ஜெபப் புத்தகத்தோடு வைத்திருக்கிறாள். அச்சுப் புத்தகம்கூட இவ்வளவு தெளிவாக இராது.

ஸ்பானர் ஒவ்வொன்றும் மரையில் கச்சிதமாக உட்காருகிறது. எஞ்சினுக்கு நெருப்புப் பொறி தரும் மாக்னெட்டோவைத் துடைத்து மாட்டினோம். பேரிங்குகளை விளக்குப் புகை தடவி, உரசும் இடம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். பன்னிரண்டு நாள் பிடித்தது. போன வியாழக்கிழமை சின்னையா கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. கோழிகள் எல்லாம் பக்கத்துச் சீனர் வீட்டுக்கு ஓடிவிட்டன. காளியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடித்தட்டில் எண்ணெய் ஒழுகுகிறது. முன்பக்கத்தைத் தூக்கி அதை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டால் லைசென்சுக்கு எழுதலாம். முதல் சவாரி நீங்களும் அக்காவும்தான். ஈப்போ ஸ்டேஷனில் வந்து காத்திருப்பேன்.

என்றும் நன்றியுள்ள,
ஆம்புரோஸ்


லகாட், 18 ஜூன் 1922

மச்சான் அவர்களுக்கு ஆம்புரோஸ் எழுதுவது. கெர்ட்ரூட்டும் பிள்ளைகளும் சுகம்.

சின்னையா இறந்துவிட்டார். பெந்தகோஸ்து திருநாளுக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கட்டை சமையற்கட்டின் பக்கம் கிடந்தது. எடுக்கப் போனேன். பத்தடிகூட இராது. "ரெண்டே மரைதான் ஐயா, முடுக்கிட்டு வந்திடுறேன்" என்று சின்னையா படுத்து உள்ளே நகர்ந்தார். "பொறுங்க" என்று நான் சொன்னேனா இல்லையா என்று இப்போது தெரியவில்லை. கட்டையைக் கையில் தூக்கும்போது சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுச் சீனர்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். பத்துகாஜா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்கு முன் காளியம்மா ஓடிவந்து குனிந்து பார்த்து, "சட்டையெல்லாம் எண்ணெயாக்கி வச்சிருக்காரே" என்றாள். அவளுக்கு அப்போது புரியவில்லை.

போலீஸ் விசாரணையில் தற்செயல் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ஜாக்கியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பல் உடைந்திருந்தது. நான் சாய்வாக வைத்ததால் உடைந்ததா? இங்கே கொல்லையெல்லாம் ஈயம் அலசிப்போட்ட மணல். கீழே பலகை போட்டேன், அது போதவில்லையா? அல்லது புத்தகத்தில் இன்னும் ஏதாவது சொல்லியிருந்து உங்கள் பிரதியில் விட்டுப்போனதா? வண்டியைத் தூக்கும் பக்கத்தை மட்டும் மூலத்தோடு ஒத்துப் பார்த்து எழுதுங்கள். நான் எங்கே பிசகினேன் என்று தெரிந்தாக வேண்டும்.

ஆம்புரோஸ்


சிங்கப்பூர், 9 ஆகஸ்ட் 1922

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, இங்கே சுகம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். ஸ்டோரில் வேலை அதிகம்.

செய்தி அறிந்து உங்கள் அக்கா அழுதாள். சின்னையாவின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைத்தோம். புத்தகத்தை ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை. மணல் தரையில் வைத்தால் எந்த ஜாக்கியும் சாயத்தான் செய்யும், சாய்ந்தால் பல் உடையும் என்று இங்கே தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நடந்ததையே நினைத்துக்கொண்டிராதீர்கள்.

லூயிஸ்


லகாட், 10 செப்டம்பர் 1922

அன்புள்ள அண்ணனுக்குக் கெர்ட்ரூட் எழுதுவது. பிள்ளைகளுக்குச் சுகம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பாவது சாப்பிட்டார், பூசைக்கு வந்தார். அது வந்த மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போவார். சின்னையா கிடந்த இடத்தில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். "பாரு கெர்ட்ரூட், இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. மச்சான் சொன்னது சரி. என் கண்ணுக்கு அன்னைக்கு ஏன் தெரியலை?" என்பார். பிறகு அந்த இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார். காளியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, "மண்ணு சாஞ்சிருந்துச்சு, நான் பார்க்கலை" என்று வருகிறவர் போகிறவர் காதில் விழச் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி தோண்டிய பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். வெயிலிலும் மழையிலும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, புத்தி கலங்கினவர்களை வைத்திருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது அங்கேதான் இருக்கிறார். நான் போனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணே, இன்னொரு விஷயம். சின்னையாவின் பங்காளி உடையப்பன் ஈயச் சுரங்கத்தில் ஃபிட்டர். ஜாக்கியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "இது புதுசா உடைஞ்சது இல்லக்கா. உடைவுக்குள்ள துரு ஏறியிருக்கு, துருவுக்கு மேல கறுப்புச் சாயம் இருக்கு. வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு" என்கிறார். நீங்கள் அனுப்பும்போது அது எப்படி இருந்தது? உள்ளதை எழுதுங்கள்.

தங்கை,
கெர்ட்ரூட்


சிங்கப்பூர், 1 அக்டோபர் 1922

அன்புள்ள தங்கை கெர்ட்ரூட்டுக்கு,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை முடிக்கிறேன்.

நான் ஸ்டோர் கீப்பர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. சாமான் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறவன் நான். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை. அம்மா சாகும்போது மகிழ்ச்சியாகப் போகட்டும் என்று அப்படி எழுதினேன். அதன் பிறகு மாற்ற முடியவில்லை. உன் கல்யாணத்திலும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை புத்தகம் கேட்டபோது இல்லையென்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. முதலில் அனுப்பியது குப்பையில் கிடந்தது. இரண்டாவதை ஸ்டோர் கீப்பரிடம் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் அவர் கண்முன்னே உட்கார்ந்து எழுதினேன். அதில் பொய் இல்லை. ஸ்பானர்கள் நல்லவை, என் காசில் வாங்கியவை. ஜாக்கி வாங்க வழியில்லை. பழைய இரும்போடு வீசிவிட்டிருந்ததை எடுத்தேன். எங்கள் சீன மேஸ்திரி அதைப் பார்த்து, "ரோசாக் சூடா, பூவாங்" என்றார். கெட்டுப்போனது, எறி என்று அர்த்தம். அதில் ஏறி நிற்கிற வண்டிக்கு அடியில் ஆள் போனால் வரமாட்டான் என்றும் சைகையில் காட்டினார். உடைந்த இரண்டு பல்லை விட்டு மீதியை அரத்தால் ராவினேன். சரக்கு நிறைந்த பெட்டியை மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன். நின்றது. நின்றுவிட்டதே என்று சாயம் பூசி அனுப்பினேன்.

மாப்பிள்ளை கடிதத்தில் பல் உடைந்திருக்கிறது என்று வாசித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மணல் என்று அவரே ஒரு காரணம் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

நீ இதை அவரிடம் சொல். காளியம்மாவிடமும் சொல். உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

லூயிஸ்


லகாட், 22 அக்டோபர் 1922

அண்ணனுக்கு,

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து இப்போது சுகம்.

உங்கள் கடிதத்தைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு எடுத்துப்போய் அவருக்கு வாசித்தேன். முடிந்ததும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "ஆணி அடிக்கிற கையிலயா அத்தனை படம் வரைஞ்சாரு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. "ஜாக்கி கெட்டதாவே இருக்கட்டும். நான் உள்ள போகாதீங்கன்னு சொல்லியிருந்தா அவர் போயிருக்க மாட்டாரு. அது மாறுதா?" என்று கேட்டார். மாறாது என்றேன். அன்று மாலை சோறு சாப்பிட்டாராம். இரண்டொரு வாரத்தில் வீட்டுக்கு விடலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

திரும்பும் வழியில் காளியம்மாவைப் பார்த்தேன். அவள் இப்போது ரோட்டு வேலைக்குக் கல் சுமக்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நான் ஆம்புரோஸ் ஐயாவத்தான் இத்தனை நாளாச் சபிச்சேன்க்கா. அவரு புத்தி கலங்கிப் போனதுகூட நல்லதுன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "அந்த மனுஷர வரச் சொல்லுங்க. நான் அடிக்க மாட்டேன், போலீசுக்கும் போக மாட்டேன். என் எதிர்ல நின்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும். கடிதாசிய எனக்குப் படிக்கத் தெரியாதுலா" என்றாள்.

வாருங்கள் அண்ணே.

கெர்ட்ரூட்


சிங்கப்பூர், 12 நவம்பர் 1922

அன்புள்ள தங்கைக்கு, சுகம். லீவு கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை 25ஆம் தேதி இங்கிருந்து புறப்படுகிறேன். மறுநாள் ஞாயிறு பகல் ரயில் வண்டியில் ஈப்போ வந்து சேருவேன். காளியம்மாவிடம் சொல்லிவிடு. கட்டாயம் வருவேன்.

லூயிஸ்


லகாட், 27 நவம்பர் 1922

அண்ணனுக்குக் கெர்ட்ரூட் எழுதுவது.

நேற்றுப் பூசை முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். நான், காளியம்மா, போன புதன்கிழமை வீட்டுக்கு வந்த இவர். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் இவர் தானே முகச்சவரம் செய்துகொண்டார். காளியம்மா கல் சுமந்த கையைப் புளி போட்டுக் கழுவி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. பெட்டி பெட்டியாக இவர் எட்டிப் பார்த்தார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு சீக்கியக் காவலாளி மட்டும் நின்றார். வண்டி போன பிறகும் நாங்கள் அங்கேயே இருந்தோம். காளியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உடம்புக்கு முடியலையோ என்னவோ" என்றாள். அவள்தான் அதைச் சொன்னாள், அண்ணே. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்று தந்தி வரும், கடிதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அடுத்த ஞாயிறும் போய்ப் பார்க்கலாம் என்கிறாள் காளியம்மா. சரி என்றேன். இவரும் வருகிறேன் என்கிறார். அதே பகல் வண்டிக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கே நிற்போம்.

கெர்ட்ரூட்